ஆதரவாளர் மைதானத்துக்குள்ள இறங்கினா கழகத்துக்கு ஏன் தண்டனை? பேர் குடுக்கச் சொல்றாங்க, என்ன செய்ய?

கேள்வி: கடக்கரைச் செயலாளர்

வணக்கம். ஊர்ப் பேர், கழகத்துப் பேர், சுற்றுப்போட்டிப் பேர் ஒண்டும் போடல்ல. கல்லாத்துப் பக்கம் எண்டு மட்டும் வச்சுக்கொள்ளுங்க. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்.

எங்கட உதைபந்தாட்டக் கழகத்துக்கு 9 வருசமா நான்தான் செயலாளர். செயலாளர் எண்டா பெரிய உத்தியோகம் எண்டு நினைக்காதீங்க. கடிதம் எழுதிற, லைன் போடச் சுண்ணாம்பு வாங்கிற, மழைக்கு முதல் கோல் வலையக் கழட்டி வீட்டு அசவில போடுற, அதுதான் வேலை.

போன மாதம் அரையிறுதி எங்கட கிறவுண்டில. மருதமுனைப் பக்கத்து அணியோட. 4.15க்குத் தொடங்கினது. கச்சான் காத்து மண்ணை வாரி மூஞ்சில அடிக்குது, தூக்கி அடிச்ச பந்தெல்லாம் கடலுக்குப் போகுது. இடைவேளைக்கு 0-0. 61ஆவது நிமிசம் எங்களுக்கு ஒரு கோர்னர். பந்தை வச்சித்துப் பொடியன் கையத் தூக்குறான், அந்த நேரம் பார்த்து வடக்குப் பக்கத்துக் கயித்தைத் தூக்கித்து ஒரு நாப்பது பேர் உள்ள வந்தாங்க. ஓடி வரல்ல. கோயில் வீதிக்குள்ள போற மாதிரி செருப்பைக் கழட்டிக் கையில புடிச்சித்து நடந்து வந்து நடுவட்டத்தில குந்தினாங்க.

ரெண்டு பேர் ஒரு பெட்சீட்டை விரிச்சிப் புடிச்சாங்க. "6 வருசம். பொதுக்கூட்டம் எங்கே? கணக்கு எங்கே?"

மத்தியஸ்தருக்கு ஒருத்தனும் ஒரு சொல்லு ஏசல்ல. மற்ற அணிப் பொடியனுகளுக்குத் தண்ணிப் போத்தல் கூடக் குடுத்தாங்க. ஆனா எழும்பவும் இல்ல. மத்தியஸ்தர் 25 நிமிசம் பார்த்தார். மறுகா மூண்டு தரம் விசிலை ஊதித்துப் பந்தைக் கக்கத்தில வச்சித்துப் போயிட்டார்.

விசயம் இதுதான். கிறவுண்டின் கடல் பக்கத்துத் துண்டை எங்கட தலைவர் சீமெந்துக் கல் அரியிற ஒருவருக்கு வாடகைக்குக் குடுத்திருக்கார். 16 வயசுக்குக் கீழ்ப் பொடியனுகள் கல் அடுக்குக்கு இடையில ஓடிப் பழகுறானுகள். ஒருத்தன்ட முழங்காலில ஏழு தையல். வாடகைக் காசு கழகத்துப் புத்தகத்தில ஒரு தரமும் ஏறல்ல. அவர் களவெடுத்தார் எண்டு நான் சொல்லல்ல. கணக்குக் காட்டல்ல எண்டுதான் சொல்றன்.

இப்ப சுற்றுப்போட்டிக் குழுவிட கடிதம் வந்திருக்கு. ஆட்டம் 3-0 எண்டு அவங்களுக்கு. தண்டப்பணம் 50,000 ரூபா. அடுத்த முறை முதல் மூண்டு ஆட்டம் எங்கட கிறவுண்டில இல்ல. அதோட உள்ள இறங்கின ஆக்கள்ட பேரை 14 நாளைக்குள்ள எழுத்தில குடுக்கணுமாம், இல்லாட்டிக் கழகத்துக்கே ஒரு வருசம் தடை.

அந்த 14 நாளில 5 நாள் முடிஞ்சிட்டு.

தலைவருக்கு எதிரா இருந்தாங்க. தண்டனை விழுந்தது தலைவருக்கா? அவர் அண்டைக்கு ஆட்டம் பார்க்கவே வரல்ல. 50,000 குடுக்கப்போறது வள்ளத்தில போற பொடியனுகள் சேர்க்கிற சந்தாக் காசு. இதில நியாயம் எங்க கிடக்கு எண்டுதான் கேட்கிறன். மற்றது, பேரைக் குடுக்கிறதா இல்லையா?

ஒண்டை மறைச்சா பிழை, அதையும் சொல்லிடுறன். அந்தப் பெட்சீட் எங்கட அம்மாட. மருதமுனைக் கைத்தறி, பச்சைக் கரை. எழுதின நீலம் என்ட தோணிக்கு அடிச்ச மிச்சப் பெயின்ட். ஒரு பக்கம் புடிச்சித்து நிண்டவன் என்ட அக்காட மகன்.

---

பதில்: பழைய விசில், அக்கரைப்பற்று

தம்பி, நான் 22 வருசம் விசில் ஊதினவன். கல்லடியாலயும் தப்பியிருக்கன், ஒருக்கா பொத்துவிலில ஐஸ்கிறீம் வண்டிக்குப் பின்னால ஒளிச்சும் இருந்திருக்கன். உங்கட ஆக்கள் செருப்பைக் கழட்டித்து வந்தாங்க எண்டதை வாசிக்கச் சிரிப்பு வந்தது. இருந்தாலும் மத்தியஸ்தர் செய்தது சரி. வெளியாள் உள்ள வந்து குழப்பினா ஆட்டத்தை நிப்பாட்டவும், தள்ளிவைக்கவும், கைவிடவும் அவருக்கு விதியிலேயே அதிகாரம் இரிக்கு. வந்தவன் கல்லோட வந்தானா பூவோட வந்தானா எண்டு அந்த இடத்தில பார்க்கிறதில்ல.

ஏன் கழகத்துக்குத் தண்டனை எண்டு கேட்டீங்க. ஆட்டக்காரனுக்குக் காட்ட என்ட பொக்கற்றில மஞ்சளும் சிவப்பும் இரிக்கு. பயிற்றுநருக்கும் காட்டலாம். கயித்துக்கு அங்கால நிக்கிறவனுக்குக் காட்ட என்னட்ட ஒண்டும் இல்ல. அவன் எந்தப் பதிவிலயும் இல்லாத ஆள். பதிவில இருக்கிறது கழகம், அதால கழகத்துட கழுத்தைத்தான் புடிக்கிறாங்க. பீபாவிட ஒழுக்காற்றுக் கோவையிலயும் இதுதான்: ஒழுங்குக்கு வீட்டுக் கழகம், அதாவது ஆட்டம் நடக்கிற கிறவுண்டுக்காரர், பொறுப்பு; ஆதரவாளர் மைதானத்துக்குள்ள இறங்கினா கழகத்தில கவலையீனம் இல்லை எண்டு நிரூபிச்சாலும் தண்டிக்கலாம்.

3-0க்கு வாறன். அது ஆட்டத்தை இழந்ததா அறிவிக்கிற நேரம் பீபா போடுற கணக்கு. ஆனா கைவிடப்பட்ட ஆட்டத்தைப் பற்றி ஆட்ட விதி சொல்றது வேற. போட்டி விதியில வேற மாதிரி இல்லாட்டி, அல்லது நடத்துறவங்க வேற மாதிரி முடிவெடுக்காட்டி, திரும்ப ஆடணும். அதால முதல்ல உங்கட சுற்றுப்போட்டி விதித்தாளை எடுத்து வாசியுங்க. பதிவுக் காசு கட்டேக்க ஒரு பிரதி தந்திருப்பாங்க. அதில 3-0 எண்டு ஒரு வரி இல்லாட்டி அந்த ஒரு விசயத்துக்கு நீங்க மேன்முறையீடு செய்யலாம்.

மற்றது, காவலுக்கு எத்தினை பேரை நிப்பாட்டினீங்க? ஒலிபெருக்கியில வெளிய போகச் சொன்னீங்களா? பொலிசுக்கு முதல்ல அறிவிச்சீங்களா? இதுக்கு ஆம் எண்டு எழுத ஏலுமெண்டா தண்டப்பணம் குறையும்.

இன்னொண்டு, கோபிக்கக் கூடாது. பொதுக்கூட்டத்துக்கு அறிவித்தல் குடுக்கிறது தலைவர்ட வேலையா, செயலாளர்ட வேலையா?

---

பதில்: கடக்கரைச் செயலாளர்

அண்ணன், பொலிசுக்கு அறிவிக்கல்ல. அரையிறுதிதானே எண்டு விட்டுட்டம். மைக் இருந்தது, முதல் பாதியிலயே பட்டரி செத்துப்போச்சு.

காவலுக்கு 5 பேர். செம்மஞ்சள் கோட் போட்டவங்க. அதில மூண்டு பேர் கோட்டோடேயே நடுவட்டத்தில போய் இருந்தாங்க. மத்தியஸ்தர் அதையும் எழுதியிருக்கார்.

கடைசிக் கேள்விக்குப் புறகு பதில் எழுதுறன்.

---

பதில்: மருதமுனைப் பத்தாம் நம்பர்

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். அண்டைக்கு நான் அங்கதான் காக்கா. ஆடுறவன் இல்ல, பார்க்க வந்தவன்.

எங்கட பக்கத்தையும் ஒருக்கா யோசிங்க. ரெண்டு லொறி புடிச்சி வந்தம். அஸர் தொழுதித்து வெளிக்கிட்ட ஆக்கள், மஃரிபுக்கு முன்ன வீட்ட போயிரலாம் எண்டு வந்தம். எங்கட கோல்கீப்பர் கட்டாருக்குப் போகப் போறவன், அதுதான் அவன்ட கடைசிச் சுற்றுப்போட்டி. 61 நிமிசம் ஆடித்து 25 நிமிசம் மண்ணில நிண்டான். இறுதி ஆட்டத்துக்குப் போயிட்டம், சரி. ஆனா ஊருக்குள்ள இப்ப எங்களுக்கு என்ன பேர் தெரியுமா? பெட்சீட்டால வெண்ட அணி!

அதுவும் எங்கட ஊர்த் தறியில நெஞ்ச பெட்சீட்டாலயே எங்கட மேட்சைக் குழப்பியிருக்கீங்க. என்ட மூத்தாப்பா இரிந்தா தறியில இருந்து எழும்பி வந்திருப்பார்.

பகிடிக்குச் சொன்ன. பொடியனுகள் மரியாதையா இரிந்தாங்க, அதை எங்கயும் வந்து சொல்லுவன். தண்ணி தந்த உண்மை. ஆனா உங்கட வீட்டுப் பிரச்சினைக்கு எங்கட ஆட்டத்தை ஏன் எடுத்தீங்க? உங்கட ஆக்களோட நீங்களே ஆடுற சினேகபூர்வ ஆட்டம் ஒண்டில போய் இரிந்திரிக்கலாமே. தலைவர்ட வீட்டு வாசல்ல இரிந்திரிக்கலாமே.

3-0ஐ மாத்தி மறுகா ஆடச் சொன்னா நாங்க வருவம். அந்தப் பொடியன் கட்டார் போக முன்ன.

---

பதில்: தேன்நாட்டான், இங்கிலாந்து

சொந்த ஊர் வாழைச்சேனை. இப்ப இருக்கிறது கிறோலியில, கட்விக் விமான நிலையத்தில பெட்டி ஏத்திற வேலை. பிரைட்டன் இஞ்சருந்து ரயிலில அரை மணித்தியாலம். எங்கட வேலை இடத்தில பாதிப் பேர் அந்த ஊர் உதைபந்தாட்டக் கழகத்துப் பைத்தியம், அதால இந்தக் கதை எனக்கு மனப்பாடம். செயலாளர் அண்ணன், உங்கட கதைக்கு இதை விடக் கிட்ட ஒண்டு கிடையாது.

1995இல பிரைட்டன் நிர்வாகம் கோல்ட்ஸ்டோன் எண்ட தங்கட பழைய கிறவுண்டை வித்துப் போட்டது. போய் ஆட வேற இடம் பார்க்காமலே வித்தது. சனம் கத்திச்சு, ஒருத்தரும் கேட்கல்ல. 1996 ஏப்ரல் 27, யோர்க் சிற்றியோட ஆட்டம். 16 நிமிசம்தான் நடந்தது. சனம் இறங்கிக் கோல் கம்பத்தையே முறிச்சது. அதுக்குக் கிடைச்சது மூண்டு புள்ளி வெட்டு, ஆனா ஒத்திவச்ச தண்டனை. திரும்ப இறங்கினாப் பார்ப்பம் எண்ட மாதிரி. சனம் சும்மா இருக்குமா? அடுத்த பருவம், ஒக்டோபர் 1, லிங்கன் சிற்றியோட ஆட்டத்தில மறுகாவும் இறங்கினாங்க. டிசம்பரில 2 புள்ளி வெட்டினாங்க.

ரெண்டு புள்ளிதானே எண்டு நினைப்பீங்க. 1997 மே 3, பருவத்துட கடைசி ஆட்டம், ஹியர்போர்ட் கழகத்துட கிறவுண்டில. ரெண்டு கழகத்தில ஒண்டு லீக்கை விட்டே வெளிய போகணும். 1-1. ரெண்டுக்கும் 47 புள்ளி. கோல் வித்தியாசம், அதாவது அடிச்ச கோலில வாங்கின கோலைக் கழிச்சுப் பார்த்திருந்தாப் பிரைட்டன் முடிஞ்சுது. அந்தக் காலத்தில அந்த லீக்கில கூடக் கோல் அடிச்சவன்தான் மேல எண்டு விதி. பிரைட்டன் அடிச்சது 53, ஹியர்போர்ட் 50. அந்த மூண்டு கோலில தப்பின கழகம் அது. வெட்டின 2 புள்ளியும் இருந்திருந்தா 49 எண்டு நெஞ்சை நிமித்தித்து வந்திருப்பாங்க. கிறவுண்டை வித்தவங்களுக்கு அரைப் புள்ளி குறைஞ்சதா? இல்ல. நீங்க கேட்ட அதே கேள்விதான் அண்ணன்.

ஆனா அந்தச் சனத்திட்டக் கேட்டா நாங்க இறங்கினது பிழை எண்டு சொல்லமாட்டாங்க. இறங்கினதாலதான் நாடு முழுக்கத் தெரிஞ்சது. மற்றக் கழகத்து ஆதரவாளர் எல்லாம் 1997 பெப்ரவரியில ஒரு ஆட்டத்துக்குத் தங்கட சட்டையோட வந்து இவங்களோட நிண்டாங்க. நிர்வாகம் கை மாறினது. கிறவுண்ட் தப்பல்ல, அது போனது போனதுதான். ரெண்டு பருவம் கில்லிங்கத்துக்குப் போய் ஆடினாங்க, ஒரு பக்கத்துக்குச் சுமார் 70 மைல். மறுகா ஓட்டப்பந்தயத் திடல் ஒண்டில 12 வருசம். புது மைதானம் 2011இல. 2017இல இங்கிலாந்துட மேல்மட்ட லீக்கான பிரிமியர் லீக்குக்கே ஏறினாங்க.

ஹியர்போர்ட்டுக்கு என்ன நடந்தது எண்டும் சொல்லணும். அந்தக் கழகம் 2014 டிசம்பரில கலைஞ்சு போச்சு. அவங்க ஒரு குற்றமும் செய்யல்ல. மருதமுனைத் தம்பி எழுதினதை வாசிக்க எனக்கு அவங்கட நினைவுதான் வந்தது.

தண்டப்பணக் கதையும் இருக்கு. 2015 மே 2, பிளாக்பூல் கழகம், ஹடர்ஸ்பீல்டோட ஆட்டம். முதலாளிக் குடும்பத்துக்கு எதிரா சனம் இறங்கினது. நடக்க ஏலாதவங்க ஓடுற மின்சார வண்டியில ஒருத்தர் வந்து நடுவட்டத்தில நிண்டார்! 48 நிமிசத்தோட ஆட்டம் முடிஞ்சது. திரும்ப ஆடல்ல, 0-0 எண்டே வச்சாங்க. கழகத்துக்கு 50,000 பவுண் தண்டம். 2018இல வெஸ்ட் ஹாமில பேர்ன்லியோட ஆட்டத்தில இறங்கினதுக்கு ஒரு லட்சம் பவுண். 2021இல, அதுவும் மே 2தான், மான்செஸ்டர் யுனைட்டட் ஆதரவாளர் பூட்டின மைதானத்துக்குள்ள புகுந்து லிவர்பூலோட ஆட்டத்தை நடக்கவிடாமலே பண்ணினாங்க. 2024 ஜனவரியில ரெடிங் கழகத்தில, போர்ட் வேலோட ஆட்டம், பிரைட்டன் மாதிரியே 16ஆவது நிமிசத்தில நிண்டது. எல்லா இடமும் சண்டை நிர்வாகத்தோட. மற்ற அணியோட ஒருத்தருக்கும் கோபம் இல்ல.

உங்கட கடிதத்துக்கு உதவக்கூடியது ஒண்டு. பழைய விசில் அண்ணன் சொன்னது பீபாக் கணக்கு. இஞ்ச இங்கிலாந்துச் சங்கத்துட விதியில கழகத்துக்கு ஒரு வாசல் இருந்தது: எங்கட கையை மீறி நடந்தது, எங்கட பொறுப்பாளர்கள் செய்யவேண்டிய கவனமெல்லாம் செய்தாங்க எண்டு காட்டினா அது எதிர்வாதம். உங்கட விதித்தாளில அப்படி ஒரு வரி கிடக்கா எண்டு பாருங்க. ஆனா அண்ணன், கோட் போட்ட மூண்டு பேரும் குந்தினதை எப்படித்தான் எழுதப் போறீங்களோ தெரியல்ல.

---

பதில்: கோர்னர் கொடி

இவ்வளவு கதை எதுக்கு. நாப்பது பேருக்கும் வாழ்நாள் தடை. அடுத்த முறை ஒருத்தனும் கயித்தைத் தொடமாட்டான்.

---

பதில்: பழைய விசில், அக்கரைப்பற்று

கோர்னர் கொடித் தம்பி, வாழ்நாள் தடை போட்டா அதைப் பார்த்துக்கொள்ள வாசல்ல நிக்கிறது ஆர்? அந்த நாப்பதில மூண்டு பேர்தான்.

தண்டனை மேல இருந்து கீழ விழுகிறது உதைபந்தில புதுசில்ல. 2023 ஜனவரியில பீபா நம்மட நாட்டையே தடை பண்ணிச்சு. வெளியார் தலையீடு எண்டு காரணம். ஓகஸ்ட்டிலதான் எடுத்தாங்க. கொழும்பில கதிரைக்குச் சண்டை புடிச்சவங்க வீட்ட இருந்தாங்க, ஆட வேண்டிய பொடியனுகளும் வீட்ட இருந்தாங்க.

தேன்நாட்டான் சொன்ன ஒத்திவச்ச தண்டனை நல்ல யோசனை. கடிதத்தில அதைக் கேளுங்க. மூண்டு ஆட்டம் வெளியில எண்டதை ஒத்திவையுங்க, திரும்ப நடந்தா மட்டும் போடுங்க எண்டு. நான் ஒழுக்காற்றுக் குழுவில இருந்த காலம் அப்படிக் கேட்டு வந்த கடிதத்துக்குப் பாதிக்கு மேல ஒத்துக்கொண்டிருக்கம். அழுது எழுதின கடிதம், மத்தியஸ்தருக்கு ஏசி எழுதின கடிதம், ரெண்டும் கோவைக்குள்ள போயிரும்.

---

பதில்: முன்னாள் கோல்கீப்பர் பிள்ளை

நான் மகளிர் அணியில ஆடினவ. இப்ப வேற ஒரு கழகத்துக்குப் பொருளாளர். பேர் குடுக்கிற விசயத்துக்கு மட்டும் ஒரு சொல்.

நடுவட்டத்தில இருந்தவங்கள்ல 18க்குக் குறைஞ்ச பிள்ளைகள் எத்தினை பேர்? 16 வயசு அணிப் பிள்ளைகளும் இருந்திருக்கும், கல் அடுக்கில விழுந்தவனே அவங்கதானே. அந்தப் பிள்ளைகள்ட பேரை எந்தக் கடிதத்திலயும் எழுதாதீங்க அண்ணா. நாளைக்குப் பாடசாலை அணி, மாவட்ட அணி எண்டு போகேக்க அந்தத் தாளைத் தூக்கித்து ஆரும் வரலாம். குழுவுக்கு நேராச் சொல்லுங்க: சிறுவர் பேர் தரமாட்டம், அதுக்குப் பெரியவங்க நாங்க பொறுப்பு எண்டு.

பெரியவங்கட பேரை நீங்க பட்டியல் போட்டுக் குடுத்தா அது காட்டிக்குடுக்கிறது. அவங்களே கையெழுத்து வச்சுத் தந்தா அது வேற. ஒருக்கா அவங்களைக் கூப்பிட்டுக் கேட்டீங்களா? வந்து குந்துறதுக்குத் தைரியம் இருந்தவங்களுக்குப் பேர் எழுதத் தைரியம் இல்லாமலா போகும்?

மற்றது, உங்கட கழகம் பிரதேச செயலகத்தில பதிஞ்ச கழகம்தானே. யாப்பு, அதுதான் கழகத்துட சட்டவிதி, எண்டு ஒண்டு குடுத்திருப்பீங்க. அதில பொதுக்கூட்டம் பற்றி என்ன கிடக்கு எண்டு எடுத்துப் பாருங்க. விளையாட்டு உத்தியோகத்தரிட்டயும் ஒரு பிரதி இருக்கும். பழைய விசில் ஐயா கேட்ட கேள்விக்கு நீங்க இன்னும் பதில் எழுதல்ல.

---

பதில்: நீலப் பெயின்ட்

மாமா, நான்தான். பெட்சீட் எண்டு எழுதினதும் ஊர் முழுக்க விளங்கித்து. பேர் போடல்ல எண்டு சொல்லித்துப் பச்சைக் கரை வரைக்கும் எழுதியிருக்கீங்க.

அது களவா எடுத்ததில்ல. அம்மம்மாட்டக் கேட்டுத்துத்தான் எடுத்தன். கிழிஞ்ச பக்கத்தை வெட்டித் தந்ததே அவங்கதான். என்னத்துக்கு எண்டு கேட்டாங்க, சொன்னன். உன்ட மாமனுக்கும் விளங்கிற மாதிரிப் பெரிய எழுத்தா எழுது எண்டாங்க.

மருதமுனை அண்ணாக்களிட்ட நாங்க மன்னிப்புக் கேட்கிறம். தலைவர் வீட்டு வாசலுக்கு ரெண்டு தரம் போனம் அண்ணா. ஒருக்கா நாய், ஒருக்கா கேற் பூட்டு. சினேகபூர்வ ஆட்டத்துக்கு ஆர் வாறது, எட்டுப் பேரும் மாடும். உங்கட ஆட்டத்துக்குத்தான் சனம் வரும் எண்டு தெரிஞ்சு எடுத்தம். அது உங்களுக்குச் செய்த அநியாயம்தான்.

மாமா, பேரைக் குடுங்க. முதலாவதா என்டதை எழுதுங்க. 27 பேர் கையெழுத்து வச்ச தாள் அம்மம்மாட அலுமாரிக்குள்ள கிடக்கு. சின்னப் பொடியனுகள் 11 பேர், அவங்கட பேர் அதில இல்ல. கோட் போட்ட மூண்டு பேரும் கையெழுத்து வச்சிருக்காங்க, கோட்டையும் கழுவித் தந்திருக்காங்க.

---

பதில்: கடக்கரைச் செயலாளர்

மூண்டு நாள் எழுதாம இருந்ததுக்குக் குறை நினைக்காதீங்க. எல்லாருக்கும் நன்றி. கோர்னர் கொடிக்கும்தான்.

முதல்ல அக்கரைப்பற்று அண்ணன்ட கேள்வி. யாப்பைத் தேடி எடுத்தன். கறையான் ஒரு மூலையைத் திண்டிருக்கு, ஆனா அந்தப் பக்கம் முழுசா இருக்கு. வருடாந்தப் பொதுக்கூட்டத்துக்கு 21 நாள் முன்ன அறிவித்தல் குடுக்கிறது செயலாளர். தலைவர்ட ஒப்பம் வேணும் எண்டு எங்கயும் இல்ல. ஆறு வருசமா அவர் சொல்லட்டும் எண்டு நான் பார்த்துக்கொண்டிருந்திருக்கன். அந்தப் பெட்சீட்டில இருந்த ரெண்டு கேள்வியில முதலாவது எனக்குத்தான். அண்டைக்கு அதை வாசிச்சித்துத் தலைவருக்குத்தானே எண்டு நிண்டன். அம்மாவுக்கு விளங்கியிருக்கு, எனக்கு விளங்கல்ல.

சுற்றுப்போட்டி விதித்தாளையும் பார்த்தன். வீட்டுக் கழகத்தால ஆட்டம் கைவிடப்பட்டா 3-0 எண்டு ஒரு வரி நல்லாவே கிடக்கு, கீழ என்ட கையெழுத்தும் கிடக்கு. அதால அதுக்கு மேன்முறையீடு இல்ல. மருதமுனைத் தம்பி, திரும்ப ஆடக் கேட்க வழியில்லாமப் போச்சு. கோல்கீப்பர் தம்பி எப்ப கட்டார் போறார்? போக முன்ன ஒரு ஞாயிறு சும்மா ஒரு ஆட்டம் வைப்பம், லொறிக் காசு எங்கட பொறுப்பு. சனம் வராட்டியும் மாடு வரும்.

குழுவுக்கு எழுதின கடிதம் ஒண்டரைப் பக்கம். மத்தியஸ்தர்ட அறிக்கை முழுக்கச் சரி எண்டு முதல் வரியிலயே எழுதிட்டன். பொலிசுக்கு அறிவிக்காதது பிழை, பட்டரி பார்க்காதது பிழை. காவலாளர் மூண்டு பேர் குந்தினதையும் எழுதினன். அதை எப்படி எழுதிற எண்டு ரெண்டு இரவு யோசிச்சன், கடைசியில "எமது காவலாளர்களுள் மூவரும் அமர்ந்தனர்" எண்டு நடந்ததை நடந்த மாதிரியே எழுதிட்டன். தண்டப்பணத்தை ரெண்டு தவணையில கட்ட விடச் சொல்லியும், மூண்டு ஆட்டத்தை ஒத்திவைக்கச் சொல்லியும் கேட்டிருக்கன். 27 பேர்ட தாள் இணைப்பு. அதுக்குக் கீழ 28ஆவதா ஒரு பேர் இருக்கு. அவர் நடுவட்டத்தில இருக்கல்ல, கயித்துக்கு வெளியில சுண்ணாம்பு வாளியோட நிண்டவர். 18க்குக் குறைஞ்சவங்கட பேர் தரமாட்டம் எண்டதையும் பிள்ளை சொன்ன மாதிரியே எழுதினன்.

பொதுக்கூட்ட அறிவித்தல் நேற்று வாசிகசாலைப் பலகையிலயும் கிறவுண்ட் வாசல்லயும் ஒட்டியாச்சு. இண்டைக்குக் காலையில பார்த்தன், வாசல்ல ஒட்டினதை ஆரோ கிழிச்சிருக்காங்க. திரும்ப ஒட்டினன், இந்த முறை பசைக்குப் பதிலா நீலப் பெயின்ட்.

தண்டப்பணத்துக்கு இண்டைக்கு வரைக்கும் 18,300 ரூபா சேர்ந்திருக்கு. மருதமுனையில இருந்து ஒருத்தர் 500 ரூபாவும் பழைய பெட்சீட் ஒண்டும் குடுத்தனுப்பியிருக்கார், ஆர் எண்டு சொல்லல்ல. தலைவர் போன் எடுக்கிறார் இல்ல. கல் அரியிறவர் எடுத்தார். கடைசி வாடகை ஆருட்டக் குடுத்தீங்க எண்டு கேட்டன், ரசீது இருக்கு எண்டார். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்க்கணும்.